ரயில், கப்பல், விமான வரலாறு: என்ன படிக்கலாம்? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் ரயிலைப் பற்றியோ கப்பலைப் பற்றியோ பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க முடியாது. சொந்தத்தில் ஒருவராவது ரயில்வேயிலோ ஹார்பரிலோ வண்டி கட்டும் கம்பெனியிலோ வேலை பார்த்திருப்பார். பேச்சு சூடு பிடித்ததும் "இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். ஆங்கிலப் புத்தகங்களின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

ரயில்னா எனக்கு உயிர். ஆனா புத்தகம் படிச்சுப் பழக்கமே இல்ல. எதுல ஆரம்பிக்கிறது?

எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்' புத்தகத்தில் ஆரம்பியுங்கள். 1981-இல் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' என்ற பெயரில் வந்தது, அப்புறம் பதிப்புக்குப் பதிப்பு பெருத்துக்கொண்டே போனது. தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. இது போக்குவரத்து வரலாறு இல்லை, ஊர் வரலாறு. ஆனால் ரயில் நிலையம், துறைமுகம், டிராம், பழைய மோட்டார் கம்பெனிகள் எல்லாம் அதில் வரும்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்பக்கத்துப் பெயர்ப் பட்டியலில் உங்கள் பேட்டையைத் தேடுங்கள். அந்த நாலு பக்கத்தைப் படித்துவிட்டு அந்த இடத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். தினமும் தாண்டிப் போன கட்டடத்தின் வயதும் வேலையும் தெரிந்த பிறகு, அடுத்த புத்தகம் எது என்று நீங்களே கேட்பீர்கள். உலகத்து முதல் ரயிலிலிருந்து தொடங்கி வரிசையாக வருகிறேன் என்று உட்கார்ந்தவர்கள் பாதியில் விட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. தமிழ்லயே படிக்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ஆனால் எஞ்சின் வகை, தண்டவாள அகலம் என்று தொழில்நுட்பமாக எழுதிய தமிழ்ப் புத்தகம் குறைவு. தமிழில் போக்குவரத்து வரலாறு பயணக் கட்டுரைக்குள்ளும் நாவலுக்குள்ளும் வாழ்க்கை வரலாற்றுக்குள்ளும்தான் இருக்கிறது. அதை அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஏ.கே. செட்டியாரை முதலில் படியுங்கள். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேர்த்தவர். 'உலகம் சுற்றும் தமிழன்' படித்தால், விமானம் சாமானியருக்கு எட்டாத காலத்தில் ஒரு தமிழர் கப்பலும் ரயிலும் மாறி மாறி உலகத்தைச் சுற்றியது எப்படி என்று தெரியும். அலங்காரம் இல்லாத சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் அவர் தொகுத்திருக்கிறார். மாட்டு வண்டிக் காலம் ரயில் காலமாக மாறியதை அதில் பார்க்கலாம்.

கடல் பிடிக்கும் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தென்கிழக்காசியக் கடலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் ஒன்று புயலில் சிக்கும் பகுதியைப் படித்துப் பாருங்கள், வாக்கியமே ஆடும். ஜோ டி குரூஸின் 'கொற்கை' தூத்துக்குடித் தோணித் தொழிலின் நூற்றாண்டுக் கதை. சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. பாயும் கயிறும் காற்றும் தொழில்காரர் சொற்களிலேயே வருகின்றன. ரயிலுக்கு தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' சிறுகதை போதும். ஒரு ரயில் பெட்டிக்குள் முன்பின் தெரியாதவர்கள் சில மணி நேரம் உறவாகிப் போவதை அதைவிட நன்றாக எழுதியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றிப் படிக்க ஆ.இரா. வேங்கடாசலபதி இருக்கிறார். 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' தமிழில் படிக்கலாம். கம்பெனியின் முழுக் கதை வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் 'சுதேசி ஸ்டீம்'. பங்கு விற்றது, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வாங்கியது, எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது எல்லாம் ஆவணத்தோடு இருக்கிறது. சினிமாவில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது ஜூன் 28-ங்கிறார் ஒருத்தர், ஜூலை 1-ங்கிறார் இன்னொருத்தர். எது சரி?

இரண்டும் சரி. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் திறப்பு விழா நடந்து, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில்கள் போயின. ஜூலை 1 அன்று டிக்கெட் வாங்கிய பொதுமக்களுக்கான வண்டி ஓட ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து அப்போது ஆற்காடு என்று சொல்லப்பட்ட இன்றைய வாலாஜா ரோடு வரை சுமார் 100 கி.மீ. பாதை. ஒருவர் விழா நாளை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் சேவை நாளை எடுத்துக்கொள்கிறார். ரயில் வரலாற்றில் பாதிச் சண்டை இந்த வகைதான்.

அன்று கட்டிய ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது. நாட்டில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். பம்பாயிலும் ஹவுராவிலும் முதல் ரயில் கிளம்பிய கட்டடங்கள் இப்போது இல்லை.

இந்தியாவின் முதல் ரயில் பம்பாய் – தாணேன்னு ஸ்கூல்ல படிச்சோம். இப்ப செங்குன்றம்ங்கிறாங்களே?

எந்த 'முதல்' என்று கேளுங்கள். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை பக்கம் 1837-இல் ஓடியது சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வந்த பாதை. ஆர்தர் காட்டன் பெயர் இதோடு சேர்ந்து வரும். 1851-இல் ரூர்க்கி பக்கம் சோலானி ஆற்றுக் கட்டுமானத்துக்கு மண் சுமக்க ஒரு ரயில் ஓடியது. இரண்டும் பயணிகளுக்கானவை இல்லை. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. ஓடியதுதான் முதல் பயணிகள் ரயில். பள்ளிப் புத்தகத்தில் 'பயணிகள்' என்ற சொல் விட்டுப் போனதால் வந்த குழப்பம் இது. தெற்கின் முதல் பயணிகள் ரயில் மேலே சொன்ன ராயபுரம் வண்டி.

சரி, ரயில் பத்திப் பெரிய புத்தகமா ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்கலாம்?

எதற்காக வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கதை போலப் படிக்க வேண்டும் என்றால் கிறிஸ்டியன் வால்மரின் 'ரயில்வேஸ் அண்ட் த ராஜ்'. பாதை போட்ட கம்பெனிகளுக்கு 5 சதவீத லாபம் உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்ததும், அந்தத் தைரியத்தில் கம்பெனிகள் செலவைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டியதும், அந்தச் சுமை இந்திய வரி கட்டுபவர் தலையில் விழுந்ததும் அதில் தெளிவாக இருக்கிறது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். இது புரிந்தால் பாலமும் ஸ்டேஷனும் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்பதும் புரியும்.

விவேக் தேவ்ராயும் இன்னும் இருவரும் எழுதிய 'இந்தியன் ரயில்வேஸ்: த வீவிங் ஆஃப் எ நேஷனல் டேபஸ்ட்ரி' சின்னது, விலையும் குறைவு, முதல் புத்தகமாக நன்றாக இருக்கும். ஆர்.ஆர். பண்டாரியின் 'இந்தியன் ரயில்வேஸ்: குளோரியஸ் 150 இயர்ஸ்' அரசு வெளியீடு. தேதி, பாதை, மண்டலம் என்று தேடிப் பார்க்க உதவும், உட்கார்ந்து படிக்க இல்லை. மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டா ரயில்வேயும் 1908-இல் சேர்ந்தது, அது மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே ஆனது போன்ற விவரங்களுக்கு இப்படி ஒன்று கையில் இருப்பது நல்லது.

எஞ்சின் பிரியர்களுக்கு ஹியூ ஹியூஸ் நான்கு பாகமாகத் தொகுத்த 'இண்டியன் லோகோமோட்டிவ்ஸ்'. தண்டவாள அகலப்படி அகலப்பாதை, மீட்டர் கேஜ், குறும்பாதை, அப்புறம் 1941-க்குப் பிந்தியவை. முழுக்க அட்டவணைதான். எந்த எஞ்சின், எந்தக் கம்பெனி கட்டியது, எந்த வருஷம், என்ன எண். பழகாதவருக்கு அலுக்கும், பழகியவர் கீழே வைக்க மாட்டார். என்னைக் கேட்டால் இதை முதலில் வாங்காதீர்கள். டபிள்யூ.பி. என்றால் அகலப்பாதைப் பயணிகள் எஞ்சின், ஒய்.ஜி. என்றால் மீட்டர் கேஜ் சரக்கு எஞ்சின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

பெரம்பூர் ஒர்க்ஸ், ஐ.சி.எஃப். பத்தித் தனிப் புத்தகம் இருக்கா?

இதற்கு முதலில் படிப்பு இல்லை, பார்வை. வில்லிவாக்கம் பக்கம், ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். நடத்தும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் வெளியில் நிற்கின்றன. அதைச் சுற்றி வந்த பிறகு மேலே சொன்ன பண்டாரி, தேவ்ராய் புத்தகங்களில் தொழிற்சாலைப் பகுதியை எடுத்துப் படித்தால் மண்டையில் நிற்கும்.

ஐ.சி.எஃப்.பை நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரத்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக் கற்றுக்கொண்ட வடிவம் அது. அதுவரை ஓடிய மரப்பெட்டிகள் விபத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு உள்ளே இருந்தவர்களை நசுக்கும். ஐ.சி.எஃப். பெட்டி முழுக்க எஃகு. முனைப்பகுதி மட்டும் நொறுங்கி அடியை வாங்கிக்கொண்டு, நடுவில் ஆட்கள் இருக்கும் பகுதியைக் காப்பாற்றும்படி கட்டியது. 2018-இல் அந்த வடிவத்தின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையிலிருந்து பிற்பாடு வந்தே பாரத் ஆன வண்டியும் வந்தது.

ஒரு சின்ன விஷயம். பழைய பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஐந்து இலக்க எண்ணைப் பாருங்கள். 96 என்று தொடங்கினால் 1996-இல் கட்டிய பெட்டி. பக்கத்தில் டபிள்யூ.ஜி.எஸ்.சி.என். என்று இருந்தால், பெட்டி விட்டுப் பெட்டி போக வழி உள்ளது, மின்சாரத்தைத் தானே தயாரிப்பது, இரண்டாம் வகுப்பு மூன்றடுக்குத் தூங்கும் வசதி என்று பொருள். பிளாட்பாரத்தில் நின்றபடியே ஒரு பெட்டியின் வரலாற்றைப் படித்துவிடலாம்.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸுக்கு இன்னொரு பெருமை உண்டு. 1855-இல் இங்கிலாந்தில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சினைப் பழுது பார்த்து, 2010-இல் மறுபடி ஓட வைத்தவர்கள் அவர்கள்தான். அருங்காட்சியகப் பொருளாக நின்ற எஞ்சினுக்கு உயிர் கொடுத்த கைகள் நம் பக்கத்துத் தெருக்காரர்களுடையவை.

ஹார்பர் வரலாறு படிக்கணும். எங்க மாமா அங்கதான் வேலை பாத்தார்.

துறைமுகத்துக்கு முன் இங்கே வெறும் அலைதான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில்தான் கரை சேர்க்க வேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து இறுக்கிய படகு இந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும். இதைப் பற்றிப் படிக்க ஜேம்ஸ் ஹார்னல் எழுதியவைதான் முதன்மையானவை. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்தவர். இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920-இல் வந்த அவருடைய ஆய்வில் கட்டுமரம் பற்றி விரிவாக இருக்கிறது. 1946-இல் வந்த 'வாட்டர் டிரான்ஸ்போர்ட்' உலகப் படகுகள் அனைத்தையும் பார்க்கிறது. காசிமேட்டுக்காரர்கள் படித்தால் சில இடங்களில் அவரோடு வாதாடுவார்கள், அப்படித்தான் படிக்க வேண்டும்.

1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் வந்தது. பிறகு கட்டிய துறைமுகச் சுவர்களை 1881-இன் புயல் உடைத்தது. இன்று பார்க்கும் வடிவத்துக்கு அடிபோட்டவர் துறைமுகத்தை நடத்திய போர்ட் டிரஸ்டுக்கு 1904-இல் தலைவராக வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில் பாலங்கள் கட்டிய பொறியாளர். அவர் காலத்தில்தான் சீனிவாச ராமானுஜன் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்கு அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அதனால் ராபர்ட் கனிகலின் 'த மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' புத்தகத்தையும் துறைமுகப் பட்டியலில் சேர்க்கிறேன். கணக்கு புரியாவிட்டாலும் அன்றைய போர்ட் டிரஸ்ட் அலுவலகம் கண்முன் வரும்.

இன்றைய துறைமுகத்தைப் புரிந்துகொள்ள ஒரே புத்தகம் என்றால் மார்க் லெவின்சனின் 'த பாக்ஸ்'. கண்டெய்னர் பெட்டியின் வரலாறு. 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. உதிரியாகச் சரக்கு ஏற்ற டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆன காலத்தில் அந்தக் கப்பலில் 16 சென்ட்தான் ஆனது. மூட்டை சுமந்த ஆயிரக்கணக்கானவர்களின் வேலை அதோடு போனதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிற எவரும் இதைப் படிக்க வேண்டும்.

பக்கிங்ஹாம் கால்வாய்ல படகு போச்சுன்னு தாத்தா சொல்வார். லவ் எழுதுன பழைய புத்தகத்துல தேடினா ஒண்ணுமே இல்லையே?

இருக்காது. ஹென்றி டேவிசன் லவ் எழுதிய 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்டு மெட்ராஸ்' 1640 முதல் 1800 வரையில்தான். கால்வாயின் முதல் துண்டை, சென்னையிலிருந்து எண்ணூர் வரை, பேசில் காக்ரேன் என்பவர் வெட்டத் தொடங்கியது 1806-இல். கோட்டை, கறுப்பர் நகரம், பழைய கடற்கரை இவற்றுக்கு லவ்வைப் பாருங்கள். கால்வாய்க்கு 1885-இல் வந்த 'மேனுவல் ஆஃப் த அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் த மெட்ராஸ் பிரசிடென்சி'யைப் பாருங்கள். பழைய அரசாங்க நடை, பொறுமை வேண்டும்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. பசித்த ஜனங்கள் வெட்டிய கால்வாய் என்பதைப் படித்த பிறகு பேசின் பிரிட்ஜ் பக்கம் அதைச் சாக்கடை என்று சொல்ல வாய் வராது. உங்கள் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விறகும் உப்பும் நெல்லும் ஆந்திரப் பக்கத்திலிருந்து படகில் வந்தன.

டிராம், பஸ், புல்லட்? இதுக்கெல்லாம் புத்தகமே இல்லையா?

டிராமுக்கு முத்தையாதான். சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895, நின்றது 1953. நாட்டின் முதல் மின்சார டிராம் இதுதான்.

திருவொற்றியூரில் 1955-இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியாவின் கதையை அம்ரித் ராஜ் 'இண்டியன் ஐகான்: எ கல்ட் கால்டு ராயல் என்ஃபீல்டு' என்று எழுதியிருக்கிறார். வண்டியைவிடக் கம்பெனி நிர்வாகத்தைப் பற்றித்தான் அதிகம். 1948-இல் ஆஸ்டின் கார் பூட்டும் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர்த் தொழிற்சாலைக்கு இன்னும் ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் வர வேண்டும்.

விமானத்துக்கு எதுல ஆரம்பிக்கிறது?

டேவிட் மெக்கல்லோவின் 'த ரைட் பிரதர்ஸ்'. 1903 டிசம்பர் 17, 12 நொடி, 120 அடி என்று நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு முன் சகோதரர்கள் செய்த வேலை, பறவைகளைப் பார்த்தது, கிளைடரில் விழுந்து எழுந்தது, சைக்கிள் கடையிலேயே சின்னக் காற்றுச் சுரங்கம் செய்து இறக்கைகளைச் சோதித்தது, இதெல்லாம்தான் புத்தகம். மெக்கானிக் வேலை தெரிந்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அடுத்தது ஆர்.எம். லாலாவின் 'பியாண்ட் த லாஸ்ட் புளூ மவுண்டன்'. ஜே.ஆர்.டி. டாடாவின் வாழ்க்கை. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை அவர் ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இந்தப் பெயரை நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னைக்கு ஒழுங்கான விமானத் தபால் தந்த பாதை இது.

எழுத்துச் சுகத்துக்காகப் படிப்பதென்றால் சந்த் எக்சுபெரி. 'நைட் ஃபிளைட்' சின்ன நாவல், தென் அமெரிக்காவில் இரவில் தபால் கொண்டுபோகும் விமானிகள் பற்றியது. விமானத்தையும், தரையில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருப்பவர்களையும் ஒரே அளவு கவனத்தோடு எழுதியவர். நெவில் ஷூட்டின் 'ஸ்லைடு ரூல்' இன்னொரு ரகம். அவர் நாவலாசிரியர் மட்டும் இல்லை, ஆர் 100 என்ற வான்கப்பலின் கணக்குகளைப் போட்ட பொறியாளர். அதற்குப் போட்டியாக அரசு கட்டிய ஆர் 101, 1930 அக்டோபரில் கராச்சிக்குக் கிளம்பி பிரான்சில் விழுந்து எரிந்தது. 48 பேர் இறந்தார்கள். அவசரமும் கௌரவமும் பொறியியலில் நுழைந்தால் என்ன ஆகும் என்று போட்டிக் குழுவில் இருந்தவரே சொல்கிறார். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கையில் நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சூரரைப் போற்று பாத்தாச்சு. அப்புறமும் புத்தகம் படிக்கணுமா?

படியுங்கள். படத்துக்கு அடிப்படையான, கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃபிளை'. படத்தின் நாயகன் மதுரைக்காரர், உண்மையில் அவர் கர்நாடகத்தின் கொரூர்க்காரர். ராணுவத்தை விட்டு வந்து விவசாயம் பார்த்தது, பிறகு ஹெலிகாப்டர் கம்பெனி, 2003-இல் ஏர் டெக்கான் என்று கதை போகிறது. விவசாயப் பகுதிதான் புத்தகத்தில் ஆகச் சிறந்தது, படத்தில் அதற்கு இடம் இல்லை.

விமானம்னா மீனம்பாக்கம். வட சென்னைக்கு அதுல என்ன பங்கு?

இரண்டாம் உலகப் போரில் புழல் ஏரியில் கடல் விமானங்கள் இறங்கின. ராயல் ஏர் ஃபோர்ஸின் 240-ஆம் ஸ்குவாட்ரன், கட்டலினா என்ற விமானங்களோடு, ரெட்ஹில்ஸ் லேக் என்ற தளத்திலிருந்துதான் வங்கக் கடலைக் கண்காணித்தது. அடிப்பகுதி படகு போல இருக்கும் விமானம், ஓடுதளம் வேண்டாம், ஏரி போதும். நாம் குடிக்கிற தண்ணீர் இருக்கும் ஏரி!

பக்கத்தில் சோழவரத்தில் அதே போர்க்கால ஓடுதளம் ஒன்று. போர் முடிந்து அங்கே விமானச் சத்தம் நின்றது, மோட்டார் பந்தயச் சத்தம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் வரும்வரை தென்னிந்தியாவின் பந்தயக்காரர்களுக்குச் சோழவரம்தான். இந்த இரண்டு தளங்களையும் பற்றித் தோண்ட நினைப்பவர்கள் ஸ்குவாட்ரன்களின் தினப் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம். அவை லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. எந்த நாளில் எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று வரி வரியாக எழுதும் பதிவேடு அது.

இந்தியாவுல முதல் விமானம் சென்னையிலதான் பறந்துச்சாமே?

செங்குன்றம் கேள்விக்குச் சொன்னதேதான் இங்கும், எந்த 'முதல்'? மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்து சிம்ப்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தை 1910-இல் சென்னையில் பறக்கவிட்டார். உள்ளூரில் கட்டி உள்ளூரில் பறந்தது என்ற பெருமை அதற்கு உண்டு. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆங்ரி பெக்கே கடிதப் பை கொண்டுபோனது உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். 1932-இல் வந்தது டாடாவின் ஒழுங்கான சேவை. மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

இத்தனையும் காசு குடுத்து வாங்க முடியுமா? எங்க படிக்கிறது?

கன்னிமாரா. 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூர். ஆவணக் காப்பகமும் எழும்பூர்தான், அது புத்தகம் படிக்க இல்லை, பழைய அரசாணைகளைத் தேடுவதற்கு. கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் வந்த பிறகு உட்கார்ந்து படிக்க நம் பக்கத்திலேயே நல்ல இடம் கிடைத்திருக்கிறது.

லவ், மேனுவல் மாதிரி காப்புரிமை முடிந்த நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய புத்தகக் கடை என்றால் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகள். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட "ரயில், எஞ்சினியரிங்" என்று பொதுவாகக் கேட்டு அடுக்கை நீங்களே கிளறுங்கள்.

பையனுக்குப் பத்து வயசு. அவனுக்கு?

ஒரு ரயில்வே கால அட்டவணை. பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. சென்ட்ரலிலிருந்து ஓர் ஊருக்கு மூன்று வழியில் போகச் சொல்லிக் கணக்குப் போடச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடும். கதை வேண்டும் என்றால் ஈ. நெஸ்பிட்டின் 'த ரயில்வே சில்ட்ரன்', அப்பா அம்மா யாராவது தமிழில் சொல்லிக்கொண்டே படிக்கலாம். அப்புறம் மேலே சொன்ன அருங்காட்சியகம்.

எல்லாப் புத்தகத்துலயும் கவர்னர், எஞ்சினியர், முதலாளி. வேலை செஞ்சவன் எங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதிகம் ஆக வேண்டும். இயன் கெர்ரின் 'பில்டிங் த ரயில்வேஸ் ஆஃப் த ராஜ்' இதைத்தான் எடுத்துக்கொண்டது. பாதை போட்ட கூலியாட்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் ஆள் பிடித்தார்கள், பம்பாய்ப் பக்கம் போர்காட் மலையில் காலராவில் எப்படிச் செத்தார்கள் என்று ஆவணங்களிலிருந்து எடுத்துத் தருகிறார். தமிழில் 'திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள்' படியுங்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான கதை அதில் இருக்கிறது. அது ஆலைத் தொழிலாளர் சங்கம்தான், ஆனால் பெரம்பூர், புளியந்தோப்பின் அன்றைய வாழ்க்கை தெரியும்.

இதற்கு மேல் வேண்டும் என்றால் நாம்தான் எழுத வேண்டும். உங்கள் அப்பாவோ மாமாவோ ஒர்க்ஸிலும் ஹார்பரிலும் வேலை பார்த்தவர் என்றால் உட்கார வைத்துக் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். "வேலை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். எந்த ஷாப், எந்த ஷிப்ட், முதல் நாள் கையில் கொடுத்த கருவி என்ன, மேஸ்திரி யார், யாருக்கு அடிபட்டது, சங்கு ஊதினால் எந்த வாசல் வழியாக வெளியே வருவார்கள் என்று கேளுங்கள். பழைய பாஸ், சம்பளச் சீட்டு, குழுப் படம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். குழுப் படத்தின் பின்பக்கம் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.